கடைசி ஆளின் வேகத்தில் நடப்போம்

(கார்த்திகை மாத இணையச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சுமொழியைப் பெரிதாகத் திருத்தாமல் தருகிறோம். நடைப்பயணத்துக்குப் பெயர் தந்தவர்களும் தராதவர்களும் வாசிக்கவும்.)



இந்தச் சந்திப்பில வழக்கமா நாங்கள் வாடகை, வேலை, அகதி வழக்கு எண்டுதான் கதைக்கிறனாங்கள். இண்டைக்கு நான் கதைக்கப்போறது ஒரு நடைப்பயணத்தைப் பற்றி. "அமைப்பு வேலையை விட்டிட்டு இதென்ன சுற்றுலா?" எண்டு ரெண்டு பேர் ஏற்கெனவே செய்தி போட்டிட்டினம். நியாயமான கேள்வி. அதுக்குக் கடைசியில வாறன்.

வாற சித்திரையில், அரிசோனாவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்குக்குள்ள நாலு நாள், மூண்டு இரவு, முதுகில பையைப் போட்டுக்கொண்டு இறங்கி ஏறுறதுக்கு ஒன்பது பேர் பெயர் தந்திருக்கினம். கீழ இரவு தங்கிறதெண்டால் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி வேணும். அதுக்கு நாலு மாதத்துக்கு மேல முன்னமே குலுக்கலில பெயர் போட வேணும். அதனாலதான் குளிர்காலம் தொடங்கமுதலே வசந்தகாலத்தைப் பற்றிக் கதைக்கிறம். ரெண்டு வருசத்துக்கு முன்னம் நான் அங்க போய் வந்த ஆள் எண்டபடியால் திட்டத்தை என்னைச் சொல்லச் சொன்னவை. அந்தப் பயணத்தை நாங்கள் ஒழுங்காத் திட்டமிடேல்லை. அதையும் மறைக்காமல் சொல்லுறன்.

அந்த முறை பை கட்டேக்க அம்மா பக்கத்தில வந்து நிண்டவ. "நாங்கள் தொண்ணூற்றஞ்சில மூட்டை தூக்கி நடந்தது காணாதே? நீ காசு குடுத்துத் தூக்கிறியோ?" எண்டு கேட்டவ. 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்திலயிருந்து தென்மராட்சிக்கு மழைக்குள்ள நடந்த லட்சக்கணக்கான சனத்தில அம்மாவும் ஒராள். நான் சிரிச்சுச் சமாளிச்சன். அவ சிரிக்கேல்லை. அடுத்ததா ரெண்டு கேள்வி கேட்டவ: "தண்ணி எங்க எடுப்பியள்? கடைசியா வாறது ஆர்?"

எனக்கு ரெண்டுக்கும் பதில் தெரியாது. கூடாரத்தின்ர நிறை எத்தனை கிராம் எண்டு தெரியும். இண்டைக்கு நான் சொல்லப்போற திட்டம் முழுக்க அம்மாவின்ர அந்த ரெண்டு கேள்வியிலயும்தான் நிக்குது.

முதலில் அந்தப் பயணத்தில் நடந்தது. அஞ்சு பேர் போனனாங்கள், வைகாசிக் கடைசியில. அதுவே பிழை. அந்த நேரம் பள்ளத்தாக்கின் அடி கொதிக்கும். மூண்டாம் நாள் ஏற்றத்தில மூண்டு பேர் விறுவிறு எண்டு முன்னுக்குப் போயிட்டினம். நானும் ஒரு தோழியும் பின்னுக்கு. அவ "தண்ணி குடி, தண்ணி குடி" எண்டு எல்லாரும் சொன்னதைக் கேட்டு லீற்றர் கணக்கில குடிச்சவ, ஒண்டும் சாப்பிடேல்லை. தலையிடி, பிறகு சத்தி, பிறகு கேட்ட கேள்விக்குப் பதில் சுணங்கி வரத் தொடங்கிச்சு. நான் இன்னும் தண்ணி குடுக்கப் பார்த்தன். கீழ இறங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான சோடிதான் என்னைத் தடுத்து, அவவை நிழலில இருத்தி, உப்பு பிஸ்கற் குடுத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல எங்களோடயே இருந்தவை. உடம்பில உப்புக் குறைஞ்ச நிலையில வெறும் தண்ணியைக் குடிச்சுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில இருக்கிற சோடியம் இன்னும் இறங்கும். அது ஆளையே கொல்லக்கூடியது. எங்கட உப்புத்தூளும் சாப்பாடும் எங்க இருந்தது தெரியுமோ? முன்னுக்குப் போன ஆக்களின்ர பையில. அவை மேல ஏறிப் படம் எடுத்துக்கொண்டு நிண்டவை. அவையைக் குற்றம் சொல்லேல்லை. கடைசியா வாறது ஆர் எண்டு நாங்கள் ஐஞ்சு பேரும் தீர்மானிக்கேல்லை, அவ்வளவுதான்.

இனித் திட்டம்.

எப்ப, எங்க? சித்திரை நடுப்பகுதி. அந்த மாதம் தெற்கு விளிம்பில பகலில 15 பாகை செல்சியஸ் அளவில இருக்கும், இரவில பூச்சியத்துக்குப் போகும். பள்ளத்தாக்கின் அடியில பகலில 28 வரை ஏறும். ஒரே பயணத்துக்குள்ள ரெண்டு பருவகாலம். விளிம்பு கடல்மட்டத்திலயிருந்து கிட்டத்தட்ட 2,100 மீற்றர் உயரம். கொலராடோ ஆற்றங்கரை 750 மீற்றர் அளவு. பாதையின் மேற்பகுதியில் நிழல் விழுகிற இடங்களில் அந்த நேரமும் பனிக்கட்டி இருக்கலாம். அதனால சப்பாத்தில மாட்டுற இரும்புப் பல்லு வேணும். கம்பளிக் குல்லாவும் வேணும், அகலத் தொப்பியும் வேணும்.

சவுத் கைபாப் பாதையால இறங்குறம். ஏறத்தாழ 11 கிலோமீற்றர். ஆற்றைக் கடந்து பிரைட் ஏஞ்சல் முகாமில ரெண்டு இரவு. நடுவில ஒரு முழுநாள் ஓய்வு. பிறகு பிரைட் ஏஞ்சல் பாதையால அரைவாசி ஏறி, ஹவசுப்பாய் கார்டன்ஸ் முகாமில ஒரு இரவு. நாலாம் நாள் காலமை மேல. ஏறுற பாதை மொத்தம் 15 கிலோமீற்றர் அளவு. ஒரே நாளில ஏறலாம், ஏறுற ஆக்களும் இருக்கினம். நாங்கள் ஏறமாட்டம். இறங்க எடுக்கிற நேரத்தின் ரெண்டு மடங்கு ஏற எடுக்கும் எண்டு கணக்கு வையுங்கோ. மலையில முதலில ஏறி, களைச்ச பிறகு இறங்குறம். இங்க தலைகீழ். களைச்ச பிறகுதான் ஏற்றம் தொடங்குது. இறங்கேக்க எல்லாரும் கெட்டிக்காரர்தான்.

அனுமதி விதியில ஆறு பேர் வரை சின்னக் குழு, ஏழிலயிருந்து பதினொண்டு வரை பெரிய குழு. பெரிய குழுவுக்கு இடங்கள் குறைவு. "ரெண்டாப் பிரிஞ்சு விண்ணப்பிச்சா லேசு" எண்டு ஒரு தோழர் சொன்னவர். நான் வேண்டாம் எண்டுறன். பிரிஞ்சால் வேகமான ஆக்கள் ஒரு குழு, மெதுவான ஆக்கள் ஒரு குழு எண்டுதான் முடியும். பெரிய குழுவாவே போடுவம். கிடைக்காட்டி அடுத்த மாசி, பங்குனிக்குப் பார்ப்பம்.

இப்ப அம்மாவின்ர முதல் கேள்வி. தண்ணி எங்க?

சவுத் கைபாப் பாதையில ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. ஆளுக்கு நாலு லீற்றர் மேலயிருந்தே கொண்டுபோக வேணும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. பையின்ர நிறை உடம்பு நிறையில கால்வாசிக்கு மேல போகக்கூடாது. அப்ப தண்ணி போக மிச்சம் எவ்வளவு தூக்கலாம் எண்டு வீட்டில நிறுத்துப் பாருங்கோ. முகாம்களிலும் பிரைட் ஏஞ்சல் பாதையிலும் குழாய்த் தண்ணி உண்டு. ஆனால் பாதையில உள்ள சில குழாய்களைக் குளிர்காலத்தில பூட்டி வைப்பினம், வசந்தகாலத்தில எப்ப திறப்பினம் எண்டு நாள் குறிச்சுச் சொல்லேலாது. வடக்குப் பக்கம் இருக்கிற ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலயிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து வாற ஒரே ஒரு குழாய்தான் தெற்கு விளிம்புக்கும் தண்ணி குடுக்குது. 1960களில போடத் தொடங்கினது. அடிக்கடி உடையும். 2024 ஆவணியில பல இடத்தில உடைஞ்சு, தெற்கு விளிம்பில விடுதிகளில இரவு தங்கிறதையே நிறுத்தினவை. அதைத் திருத்துற வேலையால பாதைகளும் மூடப்படுறது உண்டு. அதனால போற கிழமை எந்தப் பாதை திறந்திருக்கு, எந்தக் குழாய் ஓடுது எண்டு பார்க்கிறதுக்கு ஒராளைப் பொறுப்பா நியமிக்கிறம். குழாய் இல்லையெண்டால் ஓடைத் தண்ணியை வடிகட்டி. வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. ஆகவே கொதிக்கவைக்க வேணும், இல்லாட்டி குளோரின் குளிசை. கொலராடோ ஆத்துத் தண்ணி மண்ணாக் கலங்கி இருந்தா ஒரு இரவு அடைய விடவேணும். அந்த ஆத்தில நீந்துறேல்லை. மேல இருக்கிற கிளென் கன்யன் அணையிலயிருந்து வாற தண்ணி சரியான குளிர், இழுவையும் கூட.

தண்ணி குடிக்கிற ஒவ்வொரு முறையும் ஏதாவது உப்பாச் சாப்பிட வேணும். இதுக்கு எங்கட சாப்பாடுதான் திறம். பருத்தித்துறை வடை, உப்புக் கச்சான், மிக்சர், புழுக்கொடியல், எள்ளுருண்டை, பொரிமா. புழுக்கொடியல் பழுதாகாது, நிறையும் இல்லை, ஆனால் பல்லுப் பத்திரம். சாப்பாட்டை முகாமில குடுக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வையுங்கோ. அங்க கரடியை விட அணிலுக்குத்தான் பயப்பட வேணும். பையைக் கடிச்சு ஓட்டை போடும், கையையும் கடிக்கும். விறகு மூட்டுறதுக்குத் தடை. காஸ் அடுப்புத்தான். காஸ் கலனை விமானத்தில கொண்டுபோகேலாது, ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்தில வாங்குவம். பாவிச்ச கடதாசி உட்பட, கொண்டுபோனது எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வரவேணும்.

ரெண்டாவது கேள்வி. கடைசியா வாறது ஆர்?

ஆர் மெதுவா நடக்கிறாரோ அவர்தான் முன்னுக்கு நடப்பார். மற்ற எல்லாரும் அவருக்குப் பின்னால. ஆகக் கடைசியில அனுபவம் உள்ள ஒராள், அவரைத் தாண்டி ஒருத்தரும் பின்னுக்கு நிக்கேலாது. மணித்தியாலத்துக்கு ஒருக்கா எல்லாரும் இருந்து, சாப்பிட்டு, தலை எண்ணிப் பிறகுதான் வெளிக்கிடுறது. கூடாரம், அடுப்பு, பானை எல்லாம் பொது. பலமான ஆக்கள் கூடத் தூக்குவினம். ஆனால் தண்ணி, உப்பு, தலைவிளக்கு, விசில், ஒரு நேரச் சாப்பாடு அவரவர் பையிலதான். பொதுவுடைமை எண்டு சொல்லி என்ர உப்பை இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு போகக்கூடாது எண்டதை நான் அனுபவத்தில படிச்சனான்.

ஆராவது "எனக்கு ஏலாமல் கிடக்கு" எண்டு சொன்னால் அதுதான் குழுவின் முடிவு. விவாதம் இல்லை, பகிடி இல்லை. எங்கட கூட்டங்களில ஆம்பிளையள் "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" எண்டு சொல்லிச் சொல்லியே மற்ற ஆக்களை இழுத்துக்கொண்டு போறதை எல்லாரும் பார்த்திருக்கிறம். அங்க அதைச் செய்தால் ஆள் விழும். பள்ளத்தாக்குக்குள்ள தொலைபேசி வேலை செய்யாது. செய்மதிக் கருவி ஒண்டு வாடகைக்கு எடுப்பம். திரும்பி வாற நேரத்தை ஊரில ஒருத்தருக்கு எழுதிக் குடுத்திட்டுப் போவம். நேரம் எழுதேக்க கவனம். அரிசோனா கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை மாத்துறேல்லை, ஆனால் அதுக்குள்ளயே இருக்கிற நவஹோ தேசம் மாத்தும். வழியில ஒரு மணித்தியாலம் காணாமல் போகும்.

செலவு. புதுச்சாமான் வாங்கவேண்டாம். எட்டுப் பேரிட்ட இருக்கிற சாமான்களின் பட்டியலை நாளைக்கு அனுப்புறன், இல்லாததை வாடகைக்கு எடுப்பம். மொத்தச் செலவைத் தலைக்குச் சமனாப் பிரிக்காமல் வருமானத்துக்கு ஏற்றமாதிரிப் பிரிக்கவேணும் எண்டது என்ர முன்மொழிவு. றொறன்ரோத் தோழர்களுக்கு ஒரு விஷயம்: 2026 தை முதல், அமெரிக்காவில் வசிக்காத ஆக்களிட்ட கிராண்ட் கன்யன் உட்பட 11 தேசியப் பூங்காக்களில நுழைவுக்கு மேலதிகமா ஆளுக்கு 100 டொலர் வாங்கினம். அதுவும் பொதுச் செலவுக்குள்ளதான் வரவேணும்.

இனிக் கஷ்டமான விஷயம். போன மடலில "சித்திரையில் எல்லாரும் போறோம்" எண்டு எழுதியிருந்தம். எழுதினது நான்தான். எங்கட வட்டத்தில பதினொரு பேர். பெயர் தந்தது ஒன்பது பேர். மற்ற ரெண்டு பேரும் ஏன் தரேல்லை எண்டு ஆரும் கேட்டியளோ? நானும் கேக்கேல்லை. பிறகுதான் ஒராளிட்டக் கேட்டன். அவவின்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. விமான நிலையம், அடையாள அட்டைச் சோதனை, தெரியாத மாநிலத்தில பொலிஸ். "நீங்கள் போங்கோ. நான் தடுக்கேல்லை. ஆனால் எல்லாரும் போறம் எண்டு எழுதாதேங்கோ" எண்டு சொன்னவ.

அவ பயப்படுறது காரணம் இல்லாமல் இல்லை. ஆவணம் இல்லாத ஆள் எண்டு சந்தேகம் வந்தால் பொலிஸ் குடியுரிமை நிலையை விசாரிக்கலாம் எண்ட சட்டத்தை அரிசோனா 2010இல் கொண்டுவந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் வேறு பிரிவுகளை வெட்டினாலும் இந்தப் பிரிவை விட்டுவைத்தது. அதே மாநிலத்தின் தெற்குப் பாலைவனத்தில எல்லை கடக்கிற சனம் தாகத்தில சாகுது. அங்க ரெண்டு பேருக்குத் தண்ணியும் சாப்பாடும் படுக்க இடமும் குடுத்ததுக்காக ஸ்கொட் வொரன் எண்ட தொண்டர் மேல குற்றவியல் வழக்குப் போட்டவை. 2019 கார்த்திகையில்தான் யூரிகள் அவரை விடுவிச்சவை. இது ஆரோ பிறத்தியாரின்ர கதை இல்லை. 2017இல் மெக்சிகோ எல்லையைக் கடந்து வந்த ஈழத்தமிழர் விஜயகுமார் துரைசிங்கத்தின் வழக்கில்தான், இப்படி உடனடி நாடுகடத்தலுக்கு உள்ளாகிறவர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போகிற வழியை உச்ச நீதிமன்றம் 2020இல் சுருக்கியது. நாங்கள் தண்ணிப் போத்தலோட பொழுதுபோக்கா நடக்கப்போற மாநிலத்தில, வேற ஆக்கள் தண்ணி இல்லாமல் நடக்கினம்.

அதுக்காகப் போகாமல் விடுறதோ? நான் அப்படி நினைக்கேல்லை. ஆனால் மூண்டு விஷயம் செய்யலாம். ஒண்டு, அந்த வசனத்தைத் திருத்தி இந்த மடலிலேயே போடுறது. ரெண்டு, பயிற்சி நடைகள். மாசியிலயிருந்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, காரில போகக்கூடிய இடங்களில, பதினொரு பேரும் சேர்ந்து நடக்கிறது. எங்க எண்டதை அந்த ரெண்டு பேரும் தீர்மானிக்கட்டும். அதில ஒண்டு இரவு தங்கிற நடையா இருக்கட்டும். அரிசோனாதான் பெரிய பயணம், மற்றது சும்மா ஒத்திகை எண்டு நினைக்கவேண்டாம். மூண்டு, பெயர் தந்தவர்களில ஆரின்ரயாவது நிலை தெளிவில்லாமல் இருந்தால் சிட்டைக்கு முதல் வழக்கறிஞரோட கதையுங்கோ. கனடா நிரந்தர வதிவிடம் இருந்தும் இலங்கைக் கடவுச்சீட்டு வைச்சிருக்கிற ஆக்களுக்கு அமெரிக்க விசா வேணும். அதை இண்டைக்கே தொடங்கினாலும் சுணங்கும்.

கடைசியா, ஆரின்ர நிலம்?

மூண்டாம் இரவு நாங்கள் படுக்கப்போற இடத்தின்ர பெயர் ஹவசுப்பாய் கார்டன்ஸ். 2022 கார்த்திகை வரை அதுக்கு வேறு பெயர், "இந்தியன் கார்டன்". ஹவசுப்பாய் மக்கள் அந்த ஊற்றுத் தண்ணியில தோட்டம் செய்து வாழ்ந்தவை. 1882இல் அவர்களை வெறும் 518 ஏக்கருக்குள்ள ஒதுக்கினவை. 1919இல் தேசியப் பூங்கா வந்தது. அந்தத் தோட்டத்தில கடைசியா இருந்த பில்லி பரோ எண்டவரை 1928இல் வெளியேற்றினவை. அந்தச் சனம் விடேல்லை. தொடர்ந்து போராடி 1975இல் ஏறத்தாழ 185,000 ஏக்கரைத் திரும்ப எடுத்தவை.

"இது எங்கட கதைதானே" எண்டு உடனே சொல்ல வாய் வரும். கொஞ்சம் பொறுங்கோ. வலிகாமம் வடக்கில வேலிக்கு வெளியில நிண்டு தங்கட கிணத்தைப் பார்த்த சனத்துக்கு இது விளங்கும், உண்மைதான். ஆனால் அமெரிக்காவில நாங்கள் அந்த ஊற்றில போத்தல் நிரப்பப்போற ஆக்கள். அனுமதிக் காசை நாங்கள் கட்டுறது ஹவசுப்பாய் மக்களுக்கு இல்லை, பூங்காவுக்கு. ரெண்டையும் ஒரே நேரத்தில மனசில வைச்சுக்கொள்ள வேணும்.

தண்ணிப் பிரச்சினை அங்க முடியவும் இல்லை. தெற்கு விளிம்பிலயிருந்து சில மைல் தூரத்தில பினியன் பிளெயின் எண்ட யுரேனியச் சுரங்கம். தங்கட நிலத்தடி நீர் கெடும் எண்டு ஹவசுப்பாய் மக்கள் பத்தாண்டுக் கணக்கா எதிர்த்தும், அங்க தாது எடுக்கத் தொடங்கிட்டினம். கிழக்கு வழியால வந்தால் கமரோன் ஊருக்குள்ளால நவஹோ தேசத்தைக் கடப்பம். நவஹோ நிலம் முழுக்க 500க்கு மேற்பட்ட கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள். ஏறத்தாழ மூண்டில ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணி இல்லை. 1868 ஒப்பந்தம் இருந்தும், அந்த மக்களுக்குத் தண்ணி கிடைக்க நடவடிக்கை எடுக்கவேண்டிய கடமை அரசுக்கு இல்லையெண்டு 2023இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு எண்டு தீர்ப்புச் சொன்னது. போகமுதல் இதை எல்லாரும் வாசிச்சிருக்க வேணும். வழியில சாப்பாடும் சாமானும் நவஹோக் கடையளில வாங்குவம். ஆக்களைக் கேக்காமல் படம் எடுக்கிறேல்லை. நவஹோ நிலத்துக்குள்ள நடக்கிறதெண்டால் அவையின்ர அனுமதி எடுத்துத்தான்.

"அமைப்பு வேலையை விட்டிட்டு இதென்ன சுற்றுலா?" எண்டு கேட்ட தோழர்களுக்கு: இது சுற்றுலாதான். வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. களைச்ச ஆக்களுக்கு ஓய்வு வேணும். ஆனால் என்ர அனுபவத்தில, ஐஞ்சு பேர் சேர்ந்து நடக்கத் தெரியாமல்தான் நாங்கள் ஊர்வலங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு இருந்தனாங்கள். அந்தத் தோழி இப்ப எங்களோட இல்லை. நடையால இல்லை, நடைக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரும் அதைப் பற்றி வாய் திறக்காததால. அதை நான் இன்னும் அவவிட்ட நேரில சொல்லேல்லை. இந்த மடல் வெளிவரமுதல் சொல்லுவன்.

இண்டைக்கு முடிவெடுக்கவேண்டியவை நாலு: பெரிய குழுவா விண்ணப்பிக்கிறதோ, செலவை எப்படிப் பிரிக்கிறது, தண்ணிப் பொறுப்பு ஆருக்கு, ஆகக் கடைசியா நடக்கப்போறது ஆர். நாலாவதுக்கு நான் பெயர் தாறன்.

அம்மா இந்த முறையும் கேட்டவ. பதில் சொன்னன். "அப்ப சரி, வடை சுட்டுத் தாறன்" எண்டு சொல்லியிருக்கிறா.

கேள்விகளைக் கேளுங்கோ.